எனக்கு ஏற்ற கூட்டம் எது? மூன்று கூட்டங்களுக்குப் பிறகும் தீராத ஒரு கேள்வி

ஒரு வாசகரின் கேள்வி, ஜனவரி 9

குடியை நிறுத்தி இருபத்திரண்டு நாட்கள் ஆகின்றன. மருத்துவர் சொன்னதன் பேரில், குடியை நிறுத்த விரும்புகிறவர்கள் கூடி ஒருவருக்கொருவர் துணைநிற்கும் கூட்டங்கள் மூன்றுக்குப் போய் வந்தேன். முதல் கூட்டத்தில் கடவுளைப் பற்றிய பேச்சே அதிகம். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை. இரண்டாவதில் இருந்தவர்கள் அனைவரும் என் தந்தையின் வயதினர். மூன்றாவதில் ஒருவரே நாற்பது நிமிடம் பேசினார். எனக்கு ஏற்ற கூட்டத்தை எப்படிக் கண்டுபிடிப்பது? அப்படி ஒன்று இருக்கிறதா என்பதே எனக்குச் சந்தேகமாக இருக்கிறது.

ஜனவரி 9, இரவு

மூன்று கூட்டங்களை வைத்து முடிவு கட்ட வேண்டாம். ஆறு கூட்டங்களையாவது பாருங்கள். ஒரே பெயரில் நடக்கும் கூட்டங்கள்கூட ஒன்றைப் போல் ஒன்று இருப்பதில்லை. குடியிலிருந்து மீள்வோரின் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பில் ஒவ்வொரு குழுவும் தன் கூட்டத்தைத் தானே நடத்திக்கொள்கிறது; இப்படித்தான் நடத்த வேண்டும் என்று மேலிருந்து யாரும் உத்தரவிடுவதில்லை. ஒரு குழுவில் ஒருவர் தம் கதையை முழுமையாகச் சொல்வார், மற்றவர்கள் கேட்பார்கள். நீங்கள் மூன்றாவதாகப் பார்த்தது அத்தகைய பேச்சாளர் கூட்டமாக இருந்திருந்தால், அந்த நாற்பது நிமிடம் யாருடைய குற்றமும் அன்று. இன்னொரு குழுவில் ஒரு தலைப்பைக் கொடுத்து ஆளுக்கு மூன்று, நான்கு நிமிடம் பகிரச் சொல்வார்கள். வேறொன்றில், குடியிலிருந்து மீள அந்த அமைப்பு வகுத்த பன்னிரண்டு படிகளில் ஒன்றை வாசித்து அதைப் பற்றி மட்டும் பேசுவார்கள். திறந்த கூட்டம் என்றால் குடும்பத்தினர், மாணவர்கள், வெறுமனே தெரிந்துகொள்ள வருபவர்கள் என யாரும் வரலாம். மூடிய கூட்டம் குடியை நிறுத்த விரும்புகிறவர்களுக்கு மட்டும். புதியவருக்கு மூடிய கூட்டமே நல்லது என்பது என் கருத்து.

படிகள் 1935இல் எழுதப்பட்டவை. அந்த நடையைக் கேட்டு மிரள வேண்டாம்.

ஜனவரி 10

நேற்று அவசரத்தில் எழுதியதில் இரண்டு பிழைகள் இருக்கின்றன. 1935 என்பது அந்த அமைப்பைத் தொடங்கிய பில் வில்சனும் டாக்டர் பாப் ஸ்மித்தும் ஓஹையோ மாநிலத்தின் ஆக்ரன் நகரில் சந்தித்த ஆண்டு. பன்னிரண்டு படிகள் அச்சில் வந்தது 1939இல் வெளியான அவர்களுடைய புத்தகத்தில்தான். அதற்கு முன் வாய்வழியாகச் சில வழிமுறைகள் மட்டுமே இருந்தன.

மூடிய கூட்டமே நல்லது என்று எழுதியதும் யோசிக்காமல் எழுதியது. தமக்கு இருப்பது குடிநோய்தானா என்று இன்னும் தீர்மானிக்காத ஒருவர், வந்தவுடன் வட்டமாக உட்கார்ந்து முறை வரும்போது பேச வேண்டியிருக்குமோ என்று அஞ்சினால், அவர் திறந்த கூட்டத்தின் கடைசி வரிசையிலிருந்து தொடங்குவதே எளிது. நான் அப்படித்தான் தொடங்கினேன். என் அனுபவத்துக்கு நேர்மாறான அறிவுரையை ஏன் எழுதினேன் என்று எனக்கே விளங்கவில்லை. பேச விருப்பமில்லை என்றால் "இன்று கேட்க மட்டும் வந்தேன்" என்று சொன்னால் போதும், அடுத்தவருக்குப் போய்விடுவார்கள்.

ஜனவரி 12

இடையில் ஒருவர், தாம் தினமும் காலையிலிருந்தே குடிப்பதாகவும், இன்றிரவோடு நிறுத்திவிட்டு நாளை மாலை கூட்டத்துக்குப் போகப் போவதாகவும் எழுதியிருக்கிறார். ஐயா, தயவுசெய்து முதலில் மருத்துவரைப் பாருங்கள். நாள் முழுவதும் குடித்துப் பழகிய உடல் திடீரென்று நிறுத்தும்போது 6 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 48 மணி நேரத்துக்குப் பிறகு டெலிரியம் ட்ரெமன்ஸ் எனப்படும் கடுமையான மனக்குழப்பமும் நடுக்கமும், இல்லாததைக் காண்பதும் தொடங்கலாம். சிகிச்சையின்றி விட்டால் உயிரே போகலாம். மன உறுதிக்கும் இதற்கும் தொடர்பில்லை. கூட்டத்தில் இருப்பவர்கள் அன்பானவர்கள்தாம், ஆனால் அவர்களால் உங்கள் இரத்த அழுத்தத்தைக் கண்காணிக்க முடியாது. மருத்துவரைப் பார்த்த பிறகு கூட்டத்துக்குப் போங்கள். அது எங்கும் ஓடிவிடாது.

ஜனவரி 15

கடவுள் விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கும் நம்பிக்கை இல்லை. முதல் மூன்று மாதங்கள் "இறைவன்" என்ற சொல் வரும்போதெல்லாம் கூரையில் மின்விசிறியின் இறக்கைகளை எண்ணிக்கொண்டிருப்பேன். எத்தனை முறை எண்ணினாலும் அவை மூன்றுதான்.

பிறகு அறிந்துகொண்டது: படிகளை எழுதியபோது நம்பிக்கையற்ற ஆரம்பகால உறுப்பினர்கள் சிலர் பிடிவாதமாக வாதிட்டதால்தான் இறைவன் என்ற சொல்லோடு "நாங்கள் புரிந்துகொண்ட வகையில்" என்ற சொற்கள் சேர்க்கப்பட்டன. அதாவது, உங்களுக்கும் எனக்கும் இருக்கும் இந்த மனத்தாங்கல் அந்த இயக்கத்தின் வயதுக்குச் சமமான வயதுடையது. மரபுகள் என்று அவர்கள் அழைக்கும் அமைப்பின் நெறிகளில் மூன்றாவது, உறுப்பினராவதற்கு ஒரே ஒரு தகுதியைத்தான் கேட்கிறது, குடியை நிறுத்த வேண்டும் என்ற விருப்பம். நம்பிக்கை அந்தத் தகுதியில் இல்லை. சிலர் தம்மைவிட மேலான சக்தி என்று குழுவையே வைத்துக்கொள்கிறார்கள். அது எனக்கு முதலில் ஏமாற்று வேலையாகப் பட்டது. இப்போது அப்படித் தோன்றவில்லை, ஏனெனில் என்னால் தனியாக ஒரு மாலையைக்கூடக் கடக்க முடியவில்லை, முப்பது பேருடன் சேர்ந்து கடக்க முடிந்தது. எனினும் எல்லோரும் இந்த வழியில் சமாதானம் அடைய வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். மதச்சார்பற்ற கூட்டங்களும் அதே இயக்கத்துக்குள்ளேயே நடக்கின்றன. இயக்கத்துக்கு வெளியேயும் குழுக்கள் உள்ளன. அவற்றைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

ஜனவரி 16

நாற்பது நிமிடம் பேசியவரைப் பற்றிப் பலரும் கேலி செய்கிறீர்கள். அப்படி ஒருவர் இல்லாத கூட்டம் உலகத்தில் கிடையாது. இரண்டாம் ஆண்டில், எங்கள் குழுவில் அது யார் என்று ஒரு நண்பரிடம் சிரித்துக்கொண்டே கேட்டேன். அவர் சிரிக்காமல் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து நிமிட வரம்புள்ள கூட்டத்தில் முந்தைய வாரம் நான் பதினொரு நிமிடம் பேசியிருந்தேன். மணியை இரண்டு முறை அடித்தார்களாம், எனக்குக் கேட்கவில்லை.

ஜனவரி 24

கேள்வி கேட்டவர் கூட்டத்தில் இருந்த மனிதர்களைப் பற்றி எழுதியிருக்கிறார், ஆனால் கூட்டம் எத்தனை மணிக்கு நடந்தது என்று எழுதவில்லை. எனக்கு அதுதான் முக்கியமாகப் பட்டது.

நான் குடித்த நேரம் மாலை ஏழு முதல் ஒன்பது வரை. அதற்கு முன்னும் குடித்திருக்கிறேன், பின்னும் குடித்திருக்கிறேன், ஆனால் கால்கள் தாமாக நடக்கும் நேரம் என்றால் அது ஏழுதான். முதலில் நான் தேர்ந்தெடுத்தது ஞாயிற்றுக்கிழமைக் காலைக் கூட்டம். மிக நல்ல கூட்டம், என் வயதினர், என்னைப் போன்ற வேலையில் இருப்பவர்கள், அளவாகப் பேசுபவர்கள். மனம் நிறைந்து வீடு திரும்புவேன். அன்று மாலையே குடித்த ஞாயிறுகள் உண்டு. பின்னர், எனக்குச் சற்றும் ஒத்துவராத மனிதர்கள் கூடும் ஒரு கூட்டத்துக்கு, அது வார நாட்களில் மாலை ஏழரைக்கு நடக்கிறது என்ற ஒரே காரணத்துக்காகப் போனேன். அங்கே தொண்ணூறு நிமிடம் உட்கார்ந்திருந்தால் ஒன்பது மணி ஆகிவிடும். முதல் மாதத்தில் அந்தக் கூட்டம் எனக்குச் செய்தது அவ்வளவுதான், கடிகாரத்தைத் தள்ளியது.

பசி, கோபம், தனிமை, களைப்பு ஆகிய நான்கும் குடிக்கத் தூண்டும் என்று கூட்டங்களில் சொல்வார்கள். என் ஏழு மணி இந்த நான்கும் ஒன்றாக வந்து சேரும் நேரம். உங்களுடையது எந்த நேரம் என்று பாருங்கள். ஆட்களை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

பிப்ரவரி 3

பிற குழுக்களைப் பற்றி எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். ஸ்மார்ட் ரெக்கவரி 1994இல் அந்தப் பெயரில் இயங்கத் தொடங்கியது. எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பழக்கும் அறிவாற்றல்சார் நடத்தைச் சிகிச்சையின் பயிற்சிகளைப் பயன்படுத்துகிறது. படிகளோ, புதியவருக்கு வழிகாட்டும் மூத்த உறுப்பினரான ஸ்பான்சரோ அங்கே கிடையாது. பயிற்சி பெற்ற ஒருவர் கூட்டத்தை நடத்துவார், ஒருவர் சொன்னதற்கு இன்னொருவர் நேரடியாகப் பதில் சொல்லலாம். குடிப்பதால் கிடைப்பது என்ன, இழப்பது என்ன என்று தாளில் நான்கு கட்டம் போட்டு எழுதச் சொல்வார்கள். நான் ஆறு முறை போயிருக்கிறேன். அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறேன். "கிடைப்பது" என்ற கட்டத்தில் மிக நேர்மையாக ஒன்பது வரிகள் எழுதியிருக்கிறேன். அதைப் பார்த்த நடத்துநர் முகம் சுளிக்கவில்லை என்பதே எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது.

பெண்களுக்கென்றே 1975இல் தொடங்கப்பட்ட விமன் ஃபார் சோப்ரைட்டி இருக்கிறது. மதச்சார்பற்ற லைஃப்ரிங் இருக்கிறது. பௌத்த வழியில் தியானத்தை அடிப்படையாகக் கொண்ட ரெக்கவரி தர்மா இருக்கிறது. இவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இணையவழிக் கூட்டங்கள் உண்டு.

பலன் எதில் அதிகம் என்று கேட்கிறீர்கள். மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் வெளியிட்ட மீளாய்வு 27 ஆய்வுகளையும் 10,565 பேரையும் உள்ளடக்கியது. ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்களுக்குப் போனவர்களில் 100க்கு 42 பேர் ஓராண்டு கழித்தும் குடிக்காமல் இருந்தார்கள். மற்றச் சிகிச்சை பெற்றவர்களில் அது 35.

பிப்ரவரி 4

மேலே எழுதியதைச் செம்மைப்படுத்த வேண்டும். அந்த ஒப்பீடு, கூட்டங்களுக்குப் போகும்படி சிகிச்சையாளர் ஒருவர் முறைப்படி ஊக்குவித்த திட்டங்களைப் பற்றியது. ஒருவர் தாமாகக் கதவைத் திறந்துகொண்டு போய் உட்கார்ந்தால் என்ன ஆகும் என்பதை அந்த எண் அப்படியே சொல்லிவிடாது. மற்றக் குழுக்களைப் பற்றி இந்த அளவுக்கு ஆய்வுகள் நடக்கவும் இல்லை. 2018இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு ஸ்மார்ட், லைஃப்ரிங், விமன் ஃபார் சோப்ரைட்டி ஆகியவற்றைப் பன்னிரண்டு படிக் குழுக்களுடன் ஒப்பிட்டது. எந்தக் குழுவானாலும் அதில் ஈடுபட்டவர்களுக்குப் பலன் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. எண்களைப் பார்த்துக் குழுவைத் தேர்ந்தெடுக்கலாம் என்று நினைத்தவர்களுக்கு என்னால் உதவ முடியவில்லை.

பிப்ரவரி 19

இணையவழிக் கூட்டங்கள் நேரடிக் கூட்டங்களுக்குச் சமமா என்ற விவாதம் சூடாகிவிட்டது. நான் ஒன்றைச் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன். ஒரு காலத்தில் நான் ஐந்து மாதங்கள் இணையத்தில் மட்டும் கலந்துகொண்டேன். கேமரா எப்போதும் அணைந்திருக்கும். மூன்றாம் மாதத்திலிருந்து மடிக்கணினியின் இடப்பக்கம், சட்டகத்துக்கு வெளியே, ஒரு குவளை இருந்தது. அதில் இருந்தது தண்ணீர் இல்லை. குடியை நிறுத்துவது பற்றி மற்றவர்கள் சொன்னதை உண்மையான கண்ணீருடன் கேட்டுக்கொண்டே குடித்தேன்.

குற்றம் இணையத்தின் மீது இல்லை. ஊரில் கூட்டமே இல்லாதவர்கள், நடமாட முடியாதவர்கள், கைக்குழந்தையை விட்டு வர முடியாதவர்கள், தம் முகத்தை அறிந்த யாராவது அங்கே இருந்துவிடுவார்களோ என்று பயப்படுகிறவர்கள் ஆகியோருக்கு அது பெரிய கொடை. என் சிக்கல் வேறு. அந்தக் கூட்டத்தில் என்னை யாருக்கும் தெரியாது, நான் வராவிட்டாலும் யாருக்கும் தெரியாது. அதை நான் வசதி என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

மார்ச் 7

எந்தக் கூட்டத்திலிருந்து எழுந்து வந்துவிட வேண்டும் என்று ஒரு பெண் கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி, முன்பே நான் எழுதியிருக்க வேண்டும்.

மருந்தை நிறுத்தச் சொன்னால் எழுந்துவிடுங்கள். நான் முன்பு போய்க்கொண்டிருந்த ஒரு குழுவில், மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த இளைஞர் ஒருவரிடம் "அதுவும் போதைதான், அதையும் விடு" என்று மூத்தவர் ஒருவர் சொன்னார். இளைஞர் அதைக் கேட்டு மாத்திரையை நிறுத்தி, இரண்டு வாரத்தில் மருத்துவமனைக்குப் போனார். குடிக்கும் வேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன், அகாம்ப்ரோசேட் போன்ற மருந்துகளை மருத்துவர்கள் எழுதித் தருகிறார்கள். அவற்றைச் சாப்பிடுகிறவர் குடியை நிறுத்தாதவர் ஆகிவிட மாட்டார். உறுப்பினர் யாரும் மருத்துவர் வேலை பார்க்கக் கூடாது என்று ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் தன் வெளியீடுகளிலேயே சொல்லியிருக்கிறது. அன்று நான் அந்த அறையில் இருந்தேன், வாயைத் திறக்கவில்லை. அது இன்றும் உறுத்துகிறது.

கட்டணம் கேட்டாலும் யோசியுங்கள். ஏழாவது மரபின்படி குழு தன் செலவை உறுப்பினர்கள் தாமாகத் தருவதைக் கொண்டே பார்த்துக்கொள்கிறது. ஒரு பை சுற்றி வரும், புதியவர் அதில் எதுவும் போட வேண்டியதில்லை.

இன்னொன்றும் உண்டு. புதிதாக வந்தவரின் தடுமாற்றத்தைப் பயன்படுத்தி அவரிடம் நெருக்கம் தேடுகிறவர்கள் சில இடங்களில் இருக்கிறார்கள். பன்னிரண்டு படிகளுக்குப் பிறகு அவர்களே சேர்த்துக்கொண்ட "பதின்மூன்றாம் படி" என்று இதைக் கசப்போடு சொல்வார்கள். பெண்கள் பெண்களையே ஸ்பான்சராகக் கொள்வதும், பெண்கள் கூட்டத்திலிருந்து தொடங்குவதும் இதனால்தான் பரிந்துரைக்கப்படுகின்றன. உங்கள் மனம் உறுத்தினால் காரணம் சொல்லாமல் வந்துவிடலாம். யாருக்கும் நீங்கள் விளக்கம் தர வேண்டியதில்லை.

மார்ச் 8

கணவருக்காகக் கூட்டம் தேடித் தரும்படி எழுதியவருக்கு: அவருக்காக நீங்கள் தேடலாம், ஆனால் அவருக்காக நீங்கள் போக முடியாது. உங்களுக்காகப் போக முடியும். பில் வில்சனின் மனைவி லோயிஸ் 1951இல் இன்னொரு பெண்ணுடன் சேர்ந்து தொடங்கிய அல்-அனான், குடிக்கிறவரின் குடும்பத்தினருக்கும் நண்பர்களுக்குமானது. அவர் குடியை நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் நீங்கள் போகலாம். என் மனைவி நான் நிறுத்துவதற்கு ஓராண்டு முன்பே போகத் தொடங்கிவிட்டார். அங்கே என்ன பேசினார்கள் என்று இன்றுவரை எனக்குச் சொன்னதில்லை. ஆனால் நான் போட்டுடைத்ததைப் பெருக்குவதை அந்த ஆண்டில்தான் நிறுத்தினார்.

ஏப்ரல் 11

கேள்வி கேட்டவர் மூன்று மாதங்களுக்குப் பிறகு எழுதியிருக்கிறார். அந்த வயதானவர்களின் கூட்டத்துக்கு, அதாவது இரண்டாவது கூட்டத்துக்கு, ஒன்பது வாரங்கள் போனதாகவும், கடந்த வாரம் குடித்துவிட்டதாகவும், இனி அந்த முகங்களைப் பார்க்க முடியாததால் புதிய கூட்டம் தேடுவதாகவும் சொல்கிறார். இதுவரை நான் எழுதிய அனைத்தையும் இதை வைத்துத் திரும்பப் பார்க்கிறேன். ஆறு கூட்டம், திறந்தது, மூடியது, மணி ஏழரை ஆகியவற்றில் எதுவும் தவறில்லை; ஆனால் முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய ஒன்றை நான் கேட்கவில்லை. குடித்த மறுநாள் நீங்கள் திரும்பிப் போகக்கூடிய கூட்டம் எது?

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். அந்த ஏழரை மணிக் கூட்டத்தில் எனக்கு நாற்காலி அடுக்கும் வேலை கொடுத்திருந்தார்கள். மொத்தம் முப்பத்து நான்கு மடக்கு நாற்காலிகள். அவற்றில் ஒன்றின் பின்கால் வளைந்திருக்கும். அதை எப்போதும் அடுக்கின் மேலே வைக்க வேண்டும், கீழே வைத்தால் மொத்தமும் சரியும். என்னோடு சேர்ந்து அடுக்கியவர் அதிகம் பேசாத ஒரு பெரியவர். பதினான்கு மாதங்கள் குடிக்காமல் இருந்த பிறகு ஒரு நாள் குடித்தேன், அந்த ஒரு நாள் ஐந்து மாதங்கள் ஆயிற்று. மேலே நான் சொன்ன இணையக் கூட்டங்கள் அந்த ஐந்து மாதங்களைச் சேர்ந்தவை. புதிய கூட்டம் தேடுகிறேன், என் தேவைகள் மாறிவிட்டன என்று என்னிடமே சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையில் என்னை அறியாத கூட்டத்தைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்.

திரும்பிப் போன அன்று வேண்டுமென்றே தாமதமாகப் போய்க் கதவருகே உட்கார்ந்தேன். முடிந்ததும் நழுவிவிடலாம் என்று எழுந்தபோது அந்தப் பெரியவர் நாற்காலிகளை மடக்கத் தொடங்கியிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்து, "கதவுப் பக்க வரிசையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள், வளைந்தது அதில்தான் இருக்கிறது" என்றார். அவ்வளவுதான். எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்கவில்லை. நான் அடுக்கினேன். கை நடுங்கியதால் இரண்டு முறை விரல் நசுங்கியது.

டாக்டர் பாப் முதன்முதலில் பில் வில்சனைச் சந்திக்க ஒப்புக்கொண்டபோது பதினைந்து நிமிடத்துக்கு மேல் இருக்க மாட்டேன் என்றார். பேச்சு ஆறு மணி நேரத்தைத் தாண்டியது. அவ்வளவு பொருத்தமான சந்திப்புக்குப் பிறகும் சில வாரங்களில் ஒரு மருத்துவ மாநாட்டுக்குப் போனவர் அங்கே குடித்தார். அவருடைய கடைசி மது 1935 ஜூன் 10ஆம் தேதி, அதாவது அந்தச் சறுக்கலுக்குப் பிறகு. அவர்கள் தம் இயக்கத்தின் தொடக்க நாளாக அதைத்தான் கொண்டாடுகிறார்கள், அந்த அற்புதமான முதல் சந்திப்பை அல்ல.

ஏப்ரல் 12

"அவர்கள் ஏமாற்றமடைவார்கள்" என்று கேள்வி கேட்டவர் பதில் எழுதியிருக்கிறார். அந்த அறையில் உள்ளவர்களில் எத்தனை பேர் இதே போலத் திரும்பி வந்தவர்கள் என்று எண்ணிப் பாருங்கள். என் தந்தையின் வயதினர் என்று குறைபட்டுக்கொண்டீர்களே, அந்த வயதுக்கு இந்த விஷயத்தில் நிறையப் பயிற்சி உண்டு. அங்கே போய் முதல் வாக்கியமாக "குடித்துவிட்டேன்" என்று சொல்லலாம், சொல்லாமலும் உட்கார்ந்திருக்கலாம். நான் மூன்றாவது வாரம்தான் சொன்னேன்.

உண்மையிலேயே அங்கே யாராவது உங்களை அவமானப்படுத்தினால், மார்ச் 7இல் எழுதியதைப் படித்துவிட்டு வேறு கூட்டம் தேடுங்கள். இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்: அவர்கள் விரட்டியது வேறு, நாமே வெட்கப்பட்டு ஓடியது வேறு. எனக்கு அந்த வேறுபாடு தெரிய ஐந்து மாதங்கள் பிடித்தன.

ஏப்ரல் 26

போய் வந்துவிட்டார். எழுதியிருப்பது இரண்டே வரி: நாற்பது நிமிடப் பேச்சாளர் இந்த முறை அந்தக் கூட்டத்துக்கு வந்திருந்தாராம், பேச்சு முப்பத்தைந்து நிமிடத்தில் முடிந்துவிட்டதாம். அவர் முன்னேறிக்கொண்டிருக்கிறார் என்று எடுத்துக்கொள்கிறேன்.

ஸ்பான்சரைத் தேர்ந்தெடுப்பது பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். அது தனியாக எழுத வேண்டியது, இன்று முடியாது. இந்த மாதம் கதவு திறக்கும் முறை என்னுடையது. ஏழு மணிக்குள் முப்பத்து நான்கையும் விரித்துப் போட வேண்டும்.